வீடு பூட்டியிருந்தது

என் பீரோவின் கீழ்த்தட்டில், கட்டாமல் மடித்து வைத்த பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், ஒரு ஹெட்ஃபோன் கிடக்கிறது. பாட்டுக் கேட்கிற ரகம் இல்லை. இடது காதுக்கு மட்டும் பஞ்சு வைத்தது. வலது பக்கம் வெறும் பிளாஸ்டிக் பட்டை, தலையில் நிற்பதற்காக. ஒரு காதால் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும், மறு காதால் மேலாளரைக் கேட்க வேண்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். பஞ்சு இப்போது பொடிந்து, புடவை மடிப்பில் கறுப்புத் தூளாக விழுகிறது. "இதைத் தூக்கிக் களையப்படாதா?" என்று என் வீட்டுக்காரர் தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார். அவருக்கு என்ன தெரியும்! அந்த இடது காதுக்குள் எனக்கு ஒரு மழை இருக்கிறது. தகரக் கூரையில் பெய்கிற மழை. அதற்கு நடுவே ஒரு குரல், "சாப்ட்டியா புள்ள?" என்று கேட்கும்.

டெலிவிஷனில் பொருள் விற்கும் ஒரு சானலின் தொலைபேசிப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கழக்கூட்டம் போகிற வழியில் கண்ணாடிக் கட்டிடம். உள்ளே எப்போதும் குளிர், வெளியே வெயிலா மழையா என்றே தெரியாது. ஆரியசாலையில் அப்பாவுக்கு வெல்லம் மொத்த வியாபாரம். கடைக்கு மேலேதான் வீடு. நான் பி.காம் முடித்துவிட்டு, வீட்டில் கேட்டதற்கெல்லாம் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலம். மலையாளம் பேசுகிற ஊரில் தமிழ் பேசத் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள், போனேன். "பேசறதுக்குச் சம்பளமா? கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு! வீட்ல சும்மா இல்லா பேசிக்கிட்டிருந்தா" என்றார் அப்பா. தமிழ் வரிசையில் மூன்று பேர் இருந்தோம். மார்த்தாண்டத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும், இந்தப் பக்கம் தோட்டங்களில் இருக்கிற தமிழர்களும் எங்களுக்குத்தான் வருவார்கள். தோசைக்கல், இடுப்பு பெல்ட், மடக்கும் ஏணி, முடி வளர்க்கிற எண்ணெய் என்று திரையில் எதைக் காட்டினாலும் கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. சொன்ன வாரத்துக்குள் பொருள் போய்ச் சேரும். "வந்திடுச்சும்மா, நல்லாருக்கு" என்று சொல்வதற்காகவே கூப்பிடுகிற மனுஷர்கள் இருந்தார்கள்.

போனக்காடு என்கிற மலையிலிருந்து போனக்காட்டு அம்மா முதல் தடவை கூப்பிட்டது ஒரு மழை நாளில். எங்கள் கண்ணாடிக்கு வெளியே வெயில். அவர் குரலுக்குப் பின்னால் மழை. எனக்கு அதுவே ஒரு மயக்கமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஐந்தாவது வீடு. அடுப்படி ஜன்னலில் மட்டும்தான் ரேஞ்ச் கிடைக்கும், தலையை வெளியே நீட்டிக்கொண்டு பேசுகிறேன், பாதித் தலை நனைந்துவிட்டது என்று சிரித்தார். விலாசம் சொல்லச் சொன்னால் விலாசத்தைத் தவிர எல்லாம் சொன்னார். பஸ் திரும்புகிற இடம், இடது பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம், பக்கத்தில் முறிந்து போன சில்வர் ஓக் மரம், அதில் ஒரு மலை அணில். "வாசல்ல சேவல் நிக்கும், பயப்படாம வரச் சொல்லு, கொத்தாது, சும்மா வேசம் போடும்" என்றார். நான் அதையும் டைப் செய்தேன்.

அவர் கேட்டது காது கேட்கிற கருவி, வீட்டுக்காரருக்காக. அந்தப் பெரியவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய்விட்டது. ஒரே மகள், மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். படம் வருகிற அளவுக்கு அங்கே ரேஞ்ச் இல்லை, குரல் மட்டும்தான். அப்பாவிடம் கொடு என்பாள். இவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமலே, "நல்லது, நல்லது" என்பார். ஒரு தடவை அவள் "அப்பா, ரெண்டு நாளா காய்ச்சல்" என்றிருக்கிறாள். அதற்கும் "நல்லது, நல்லது." அவள் வெளிநாடு போவதே அப்பாவுக்குப் பிடிக்காமல்தான் நடந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் என்னிடம் ஒழுங்காகப் பேசுவதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "உள்ளதைச் சொல்லிடலாமே அம்மா?" என்றேன். "சொன்னா வேலைய விட்டுட்டு வந்து நின்னுடுவான்னு அவரு பயப்படுதாரு. சொல்லப்படாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். பத்து நாளில் வந்துவிடும் என்று நான் சொன்னேன். அப்போது அதை நானும் நம்பினேன்.

வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் எல்லாம் சரியத் தொடங்கியிருந்தது. கிடங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கூரியர்காரர்களை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். பத்து நாள் இருபதாகி, முப்பதாகி, பிறகு நாங்கள் நாள் சொல்வதையே விட்டுவிட்டோம். எங்களுக்கு ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார்கள்: "மூன்று வேலை நாட்களுக்குள் வந்து சேரும்." திங்கட்கிழமை கூப்பிட்டாலும் மூன்று நாள், அடுத்த திங்கட்கிழமை கூப்பிட்டாலும் மூன்று நாள். மூன்று பேராக இருந்த தமிழ் வரிசையில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது, இன்னொருத்தி வங்கிக்குப் போனாள், அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. தென்தமிழ்நாட்டின் கோபம் முழுக்க என் இடது காதில் விழுந்துகொண்டிருந்தது. நாசமாப் போவீங்க என்பார்கள், உங்க ஆத்தா கேட்டா கதறுவா என்பார்கள். அதையெல்லாம் தாங்கிவிட்டேன். என்னால் தாங்க முடியாதது போனக்காட்டு அம்மாவைத்தான். நான் அந்த வாசகத்தைச் சொல்லி முடிப்பேன். மழை மட்டும் கேட்கும். பிறகு, "நீ என்ன செய்வ புள்ள. சாப்ட்டியா?" என்பார்.

ஒருநாள் திரையில் அவர் பெயருக்கு எதிரே பார்சல் திரும்பி வந்துவிட்டதாகக் காட்டியது. காரணம்: வீடு பூட்டியிருந்தது. வாசித்தேன். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாது புள்ள. இந்த லயத்துல எந்த வீட்டுக்கும் கெடையாது. மழைக்குக் கதவு ஊதிப் போயி சாத்தவே மாட்டேங்குது, கல்லு வச்சு அண்டக் குடுத்திருக்கோம்." கூரியர்காரர் மலை ஏறவே இல்லை, கீழேயே உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டாவது தடவையும் அதேதான் நடந்தது. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அவர் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும்.

இங்கேதான் எங்கள் ஆபீஸின் வினோதத்தைச் சொல்ல வேண்டும். புகார்களுக்கு இரண்டு நிறம். சாதாரணமாகக் கேட்டால் மஞ்சள், அது வரிசையில் நிற்கும். கத்தினால், ஏசினால், கோர்ட்டுக்குப் போவேன் என்றால் சிவப்பு; அந்தப் பார்சலை அன்றைக்கே கிடங்கிலிருந்து எடுத்து அனுப்பியாக வேண்டும். நாங்களாகச் சிவப்புப் போட்டுவிட முடியாது. எல்லா அழைப்பும் பதிவாகும், ஒருத்தர் உட்கார்ந்து கேட்பார், சத்தம் இல்லாத அழைப்புக்குச் சிவப்புப் போட்டால் அழித்துவிட்டு நம் மார்க்கைக் குறைப்பார். நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எங்கள் டீம் லீடர் சேட்டன் நல்ல மனுஷர்தான். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "அந்த அம்மா சிரிச்சிட்டில்லே சம்சாரிக்கறாங்க? பின்னே எங்கனே சிவப்பு?" என்றார், சிரித்துப் பேசுகிறவருக்குச் சிவப்பு எப்படி என்று அவருடைய மலையாளத் தமிழில். ஆக, நல்லவர்களுக்கெல்லாம் மஞ்சள். வாய் கூசாதவனுக்குத் தோசைக்கல் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டில் இரண்டு எழுத்து பெயர்ந்து வந்துவிட்டது.

அந்த மாதத்தில் ஒருநாள் அவர் குரலில் சிரிப்பு இல்லை. மகளுக்கு ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு மாத லீவில் ஊருக்கு வரலாம், அல்லது அப்படியே இன்னும் இரண்டு வருடம் எழுதிக் கொடுக்கலாம். மாதக் கடைசி ஞாயிற்றுக்குள் அந்த வீட்டு எஜமானிக்குப் பதில் சொல்ல வேண்டும். "அப்பா வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், வாரேன். இல்லன்னா நா எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டாளாம். பெரியவர் அதற்கும் "நல்லது, நல்லது" என்றிருக்கிறார். அவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள். "ரெண்டு வருசம் புள்ள. அவருக்கு எழுபத்தி நாலு ஆச்சு" என்றார் அம்மா. ஆபீஸில் எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "நன்றி அம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே சாலையோரத் தட்டுக்கடைக்குப் பின்னால் போய் நின்று, என் சொந்த மொபைலில் அவரைக் கூப்பிட்டேன். வேலை போகக்கூடிய குற்றம். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கு ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு நீங்க ஏசணும்."

"யார?"

"என்னத்தான்."

"உன்னையா? போ புள்ள! நீ என்ன செஞ்ச?"

எவ்வளவோ சொல்லிப் புரிய வைத்தேன். சிவப்பு, மஞ்சள் எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் ஏச வரவில்லை. "எங்க, இப்ப ஏசிப் பாருங்க" என்றால், "ஏட்டி" என்று ஆரம்பிப்பார், அப்புறம் சிரிப்பு. "ஏட்டி, உனக்கு நல்லாருக்கா?" என்பார், அது குசலம் விசாரிக்கிற மாதிரியே இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்துப் பழகினாராம். அவருக்குத்தான் கேட்காதே! அவரும் தேயிலைத் தண்ணியைக் குடித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தது. அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்பு முடிந்தது. "ஏட்டி" என்றார். நடுங்கிய குரல். "என் சாமான் எங்க? உனக்கு நல்லாருக்கா? நீ சாப்ட்டியா?" என் உயிரே போய்விட்டது. பழக்கதோஷத்தில் வந்துவிட்டது அது. நான் பதில் சொல்லாமல் திரையைப் பார்த்து, "வீடு பூட்டியிருந்ததாகத் திரும்பி வந்திருக்கிறது அம்மா" என்று வாசித்தேன். அந்த வார்த்தைதான் வேலை செய்தது. அதற்குப் பிறகு பேசியது எனக்குத் தெரிந்த அம்மா இல்லை.

"பூட்டியிருந்துச்சா? எவன் பாத்தான்? முப்பத்தெட்டு வருசம் இந்த மலையில கெடக்கேன். அட்டை கடிச்சு ரத்தம் வழிய வழியக் கொழுந்து எடுத்தேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், என் கதவுல வந்து நின்னு நா தொறக்கலன்னு சொல்லட்டும்! ஆன வந்தப்பக் கூட இந்தக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. என் மக அழுதா, அந்த மனுசன் நல்லதுங்காரு. நா யாருகிட்டச் சொல்ல? மூணு நாளு மூணு நாளுங்கியே, உனக்கு ஒரு நாளுன்னா என்னன்னு தெரியுமாட்டி?"

என் வலது காதில் அலுவலகத்தின் இரைச்சல் எல்லாம் அடங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, மேலே காமிரா இருக்கிறது. அது ஏற்பாடு செய்த ஏச்சு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்குத்தான் என்று பட்டது, ஏனென்றால் எனக்குத்தான். இத்தனை மாதமும் அந்த மூன்று நாளைச் சொன்னது வேறு யார்? டீம் லீடர் சேட்டன் இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். அவர் முகமே வாடிவிட்டது. "சிவப்பு போடு மோளே" என்றார். போட்டேன். அடுத்த நிமிடமே மறுபடி அதே எண்ணிலிருந்து அழைப்பு. "ரொம்ப ஏசிட்டனோ புள்ள? மனசுல வச்சுக்காத, என்ன?" எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது! நான் குரலை இரும்பாக்கிக்கொண்டு, "தங்கள் அழைப்புக்கு நன்றி" என்று சொல்லித் துண்டித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கொடுமையாக நான் யாரிடமும் நடந்துகொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்சல் மலையடிவாரத்து விதுராவுக்கு வந்துவிட்டதாகத் திரை காட்டியது. கடைசி ஞாயிறு நாளை மறுநாள். சனிக்கிழமை மத்தியானம் அந்த இடத்தில் என்ன வரி வரும் என்று எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை காலையில் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். விதுரா கூரியர் கடையில் நடுவயதுக்காரர் ஒருவர், பார்சல் மலைக்கு நடுவே, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன். அவர் என் ஆபீஸ் அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "முன்பு நாலு பேர் உண்டாயிருந்நு. இப்போ ஞான் ஒற்றைக்கு" என்றார். நான்கு பேர் பார்த்த வேலையைத் தனியாகப் பார்க்கிறாராம். ஸ்கூட்டர் அந்த வளைவுகளில் ஏறாதாம். தமிழ் வரிசையில் நானும் ஒற்றை ஆள்தானே? கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போனக்காட்டு பஸ் மூடுபனிக்குள் ஏறியது. ஒரு வளைவுக்குப் பிறகு மரங்கள் எல்லாம் பாதி அழிந்த கோலம் மாதிரி நின்றன. நான் அந்த இடத்துக்கு முதல் தடவையாகப் போகிறேன், ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது. முறிந்த மரம். தண்ணீர் ஓடுகிற சத்தம் இடது பக்கம் வரும் என்று நினைத்தேன், வந்தது. சேவல் என்னைப் பார்த்து இறக்கையை விரித்து வேஷம் போட்டது. ஐந்தாவது வீட்டுக் கதவு ஊதிப் போய், கல் அண்டக் கொடுத்து, ஆவென்று திறந்து கிடந்தது. சின்ன உருவமாக ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "யாரு?" என்றார். "அம்மா, பார்சல் வந்திருக்கு" என்றேன். குரலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, கையை ஆட்டி ஆட்டி, "மூணு நாள் புள்ள! மூணு நாள் புள்ள வந்திருக்கு!" என்று கத்தினார். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது.

கருவிக்குப் பேட்டரி தனியாக வாங்க வேண்டும் என்று திரையின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் போடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். நான் சாலைக் கடைத்தெருவில் நான்கு வாங்கி வந்திருந்தேன். பெரியவர் காதில் பொருத்திவிட்டுச் சின்னச் சக்கரத்தைத் திருப்பினேன். அவர் முதலில் மேலே பார்த்தார், கூரையை. "மழையா?" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம் சொல்கிற மாதிரி, "கேக்குதா?" என்றார். பெரியவர் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய், உன் குரலுக்கு வயசாயிப் போச்சே" என்றார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சேவலைப் பார்க்கிற பாவனையில் வெளியே வந்துவிட்டேன். சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டார். நேற்று மகள் "அப்பா" என்றதுமே பெரியவருக்கு அழுகை வந்துவிட்டதாம். அவள், "அம்மா, அப்பா அழுதாரா? அப்ப கோவமில்லையா?" என்றாளாம். ரொம்ப நேரம் கழித்து இவர் ஒரே ஒரு சொல் சொன்னாராம்: "வா." டிக்கெட் எடுத்துவிட்டாளாம். "நா உன்னப் பத்தி யாருட்டயும் சொல்லல புள்ள, பயப்படாத" என்றார், பதிவாகிற வரியில்! நான் சிரித்துவிட்டேன். புகாரை முடித்து வைக்க வேண்டும். 'சேர்க்கப்பட்டது' என்று அமுக்கினேன். திரை தாமதத்துக்குக் காரணம் கேட்டது. பட்டியலில் எதையெதையோ காட்டியது. எங்கள் தவறு என்று சொல்ல ஒரு வரி இல்லை. பார்சலின் பழைய காரணத்தைத் தவிர வேறெதையும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. வீடு பூட்டியிருந்தது என்பதை என் கையால் நானே அமுக்கினேன். அந்தப் பொய் அங்கே என் பெயரில்தான் கிடந்தது.

அடுத்த வருடம் சானல் எங்கள் பிரிவை மூடியது. ஹெட்ஃபோனைத் திருப்பிக் கேட்க யாருமில்லை, கொண்டுவந்துவிட்டேன். கல்யாணம், பிள்ளை, வேறு வேலை என்று காலம் ஓடியது. அம்மாவின் எண் ஒருநாள் உபயோகத்தில் இல்லை என்றது. போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நானும் மூன்று நாள் மூன்று நாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறிவிட்டேன்.

பனி அப்படியேதான் இருந்தது. ஐந்தாவது வீட்டுக் கதவைச் செதுக்கி ஒழுங்காகச் சாத்தியிருந்தார்கள். அதில் ஒரு பூட்டு, புதுப் பித்தளைப் பூட்டு. அந்த வரி கடைசியில் உண்மையாகி என் முன்னால் தொங்கியது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். மகள் ஒரேயடியாகத் திரும்பி வந்து அம்பாசமுத்திரத்துப் பக்கம் வீடு கட்டியிருக்கிறாள், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெரியவர் போன வருடம் தவறிவிட்டார். கடைசி வரைக்கும் காதில் அந்த மிசின் இருந்தது, மகளோடு பேச்சு ஓயாது. அம்மா சுகமாக இருக்கிறார். "நம்பர் தாரேன்க்கா. மழ வருது, உள்ள போயி இருங்க" என்றாள்.

"பூட்டியிருக்கே?"

"மகதான் பூட்டுனா. அம்மாவுக்கு மனசே கேக்கல. யாராவது வந்தா என்ன செய்வாங்கன்னு சொல்லி, போறப்ப சாவிய அந்தா அந்த ஆணியில மாட்டிட்டுப் போச்சு."

கதவுக்கு அரை அடி தள்ளி, எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் திறந்தேன். வெறும் வீடு. அடுப்படி ஜன்னலோரம் போய் நின்றேன். மழை வந்தது. இத்தனை வருடமும் என் இடது காதில் மட்டும் பெய்த மழையை, அன்றைக்கு இரண்டு காதாலும் கேட்டேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்தப் பெண் கொடுத்த எண்ணை அமுக்கினேன்.